இனிஷியல் திருத்தம்

போனை உள்ள வெச்சுக்குங்க தம்பி. இங்க நெட்டு வராதுங்க. ஆசனூர் தாண்டினா அவ்வளவுதான், இனி திம்பம் எறங்கி பண்ணாரி போனாத்தான் வரும். அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா பஸ் வளைவுல திரும்பறப்ப தலை கிறுகிறுன்னு வந்துரும்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? வேட்டி கட்டுன கெழவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுதுன்னுதானே? எனக்கும் தெரியுமுங்க. பிரவுசர்னா என்ன, டேப்புன்னா என்ன, பின்னாடி போற அம்புக்குறி எது, வளைஞ்ச அம்புக்குறி எது, எல்லாந் தெரியும். எழுபத்தோரு வயசுல கத்துக்கிட்டனுங்க. யாரும் சொல்லிக் கட்டாயப்படுத்தலை. நானாப் போய்ச் சேந்து கத்துக்கிட்டேன்.

என்ற பேரு நாச்சிமுத்து. நூல் மில்லுல முப்பத்தோரு வருசம் டைம் கீப்பர். உங்க வயசுக்கு அது என்ன வேலைன்னு தெரியாது. மில்லு கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூமு, அதுல ஒரு கடியாரம், ஒரு நோட்டு. எவன் எத்தனை மணிக்கு உள்ள வந்தான், எத்தனை மணிக்கு வெளிய போனான், எழுதறது. அஞ்சு நிமிசம் லேட்டுன்னா அரை நாள் ஆப்செண்டு. எங்க மாமனே வந்து நின்னாலும் அதேதான். ஒரு நாள் ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பிரசவம்னு பத்து நிமிசம் கழிச்சு வந்தான். ஆண் கொழந்தையான்னு கேட்டேன், சந்தோசம்னு சொன்னேன், ஆப்செண்டு போட்டேன். சந்தோசம் வேற, நேரம் வேற இல்லீங்களா?

சரி, எதுக்குச் சொல்ல வந்தேன்னா, எங்க ஊர் கிளை நூலகத்துல போன தை மாசம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. அறுபது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு இணையப் பயிற்சி, ஆறு நாள், இலவசம். நான் பேப்பர் படிக்கப் போனவன், அதைப் படிச்சுட்டு அப்படியே நின்னுட்டேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கல்யாண வீட்டுல ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருந்தார், இப்பெல்லாம் யாரும் காணாமப் போக முடியாதுங்க, பேரை அடிச்சாப் போதும், ஆள் எங்க இருந்தாலும் வந்துரும்னு. அது மனசுலயே கெடந்துச்சு.

எனக்கு ஒரு புள்ளைங்க. ஒரே புள்ள. கோகிலவாணி.

அவ போயி பதிமூணு வருசம் ஆச்சு. ஐயையோ, அப்படி இல்லைங்க. உசுரோடதான் இருக்கா. வீட்டை விட்டுப் போனா. நீங்க நெனைக்கற மாதிரி எவன்கூடவும் போகலை, அந்த மாதிரி வளக்கலை நானு. வேலைக்குப் போனா. அவ்வளவுதான். காது கேக்காத கொழந்தைகளுக்குச் சொல்லிக் குடுக்கற படிப்புப் படிச்சா. எதுக்கு அந்தப் படிப்புன்னு அப்பவே கேட்டேன். அவங்கம்மா இருந்துக்கிட்டு, ஆசைப்படறா படிக்கட்டுமுங்கன்னு சொன்னா. சரின்னு விட்டேன்.

படிச்சு முடிச்சதும் கர்நாடகாவுல இருந்து வேலைக்கு வரச் சொல்லி ஒரு லெட்டர் வந்துச்சு. தபால்காரர் என்கிட்டத்தான் குடுத்தார். நான் அதை மில்லு டிராயர்ல வெச்சுட்டேன். கிழிக்கலீங்க. கிழிக்கறவன் இல்லை நானு. பத்திரமா வெச்சிருந்தேன். தேதி முடிஞ்சதும் குடுக்கலாம்னு இருந்தேன். பொட்டப் புள்ள அத்தனை தூரம் போயி, பாஷை தெரியாத ஊருல என்ன பண்ணுவா? அவ நல்லதுக்குத்தான். ஆனா அந்தத் தபால்காரர் வாய் சும்மா இருக்கலை. லெட்டர் வந்துச்சே, போகலையா அம்மிணின்னு அவகிட்ட வழியில கேட்டுட்டார்.

வந்து ஒண்ணும் சத்தம் போடலை அவ. "எங்கீங்கப்பா வெச்சிருக்கீங்க?"ன்னு மட்டும் கேட்டா. சொன்னேன். "தேதி முடிஞ்சுருச்சு"ன்னேன். "தெரியுமுங்க"ன்னா. அப்புறம் ஒரு மாசங்கழிச்சு எப்படியோ வேற ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டு, எடம் வாங்கி, ஒரு நாள் காலையில பெட்டியோட கெளம்பிட்டா. நான் ஷிப்டுல இருந்தேன். வந்து பாத்தா ராமாத்தா மட்டும் உக்காந்திருக்கா. ராமாத்தா என்ற சம்சாரம்.

அதுலயும் எனக்குக் கோவம் இல்லைங்க. போனவ ஒரு வார்த்தை எழுதலாமில்ல? போன் பண்ணலாமில்ல? ஒண்ணுமில்லை. எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா அவங்கம்மாளுக்குப் பண்ணியிருக்கா! எட்டு வருசமா! ஒரு சின்ன பட்டன் போனை வெச்சுக்கிட்டு, நான் மத்தியானம் கண்ணசர்ற நேரமாப் பாத்து, கொல்லையில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுப் பேச்சு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு. ஒரு நாள் முழிப்பு வந்து எந்திரிச்சுப் போனா, சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கா. என்னைப் பாத்ததும் போனை மடியில சொருகினா. நான் கையை நீட்டுனேன். குடுத்தா. கெணத்துல போட்டுட்டேன்.

அடிக்கலீங்க. நான் கை நீட்டுனவனே இல்லை. அதைச் சொல்லிரணும்.

அப்புறம் ராமாத்தா படுத்துட்டா. கல்லீரல். நாலு மாசம். புள்ளைக்குச் சொல்லுங்க, புள்ளைக்குச் சொல்லுங்கன்னு அதே பேச்சு. நெம்பர் எங்க இருக்குதுன்னேன். கெணத்துல இருக்குது. வேற எங்க? "எனக்குத் தெரியுமுங்க"ன்னு கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொன்னா. பேப்பர்ல எழுதுனேன். எட்டு நெம்பர் வந்துச்சு. கடைசி ரெண்டு வரலை. மறுபடி மொதல்ல இருந்து சொல்லுவா, அந்த எடத்துக்கு வந்ததும் நின்னுரும். ரெண்டு நெம்பர் இல்லாம போன் போட முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. பின்னாடி ஜெயசீலி அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப, அந்தம்மா "ஐயா, நூறு தடவை போட்டிருந்தா அதுல ஒண்ணு அவங்களோடதா இருந்திருக்கும்"னாங்க. நூறு தடவை. எனக்கு அது தோணலை. கணக்குல நான் மோசமில்லை, ஆனாலும் தோணலை.

ராமாத்தா போயிட்டா. காரியமெல்லாம் முடிஞ்சு பதினெட்டாம் நாளு இவ வந்து நின்னா. யார் சொன்னாங்களோ தெரியாது. உள்ள வந்தா, அவங்கம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்தா, கைப்பையில வெச்சுக்கிட்டா. தண்ணி குடிக்கலை, உக்காரலை. நானும் ஒண்ணும் பெருசாச் சொல்லலீங்க. "பதினெட்டு நாள் லேட்டு"ன்னு ஒரு வார்த்தை. மில்லுப் பழக்கம், வாயில வந்துருச்சு. அவ என்னைப் பாத்தா. போயிட்டா. அது நடந்து நாலு வருசம்.

ஜெயசீலி அம்மாவா? நூலகத்துல இருக்கறவங்க. அவியதான் கிளாஸ் எடுத்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. எங்க கிளாஸ்ல அஞ்சு பேரு. மொத நாள் எனக்கு அந்த மவுஸ் கையில நிக்கவே இல்லை. அது மேசையை விட்டு ஓடுது, அம்புக்குறி ஸ்கிரீனை விட்டு ஓடுது. "ஐயா, அழுத்திப் பிடிக்காதீங்க. லேசா வையுங்க. அது எங்கயும் போயிராது"ன்னாங்க. எனக்கு லேசா வைக்க வராதுங்க. ரெண்டு நாள் ஆச்சு.

அப்புறம் பழகிருச்சு. மேல ஒரு நீளமான பெட்டி, அதுலதான் எல்லாம். என்ன வேணுமோ அங்க எழுதணும். எழுதி எண்டர் தட்டுனா வரிசையா வரும். நீலக் கலர்ல இருக்கறது எல்லாம் கதவு மாதிரி, தட்டுனா உள்ள போகலாம். நீங்க ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துட்டா அது ஊதாக் கலர் ஆயிரும். அது எனக்கு நெம்பப் புடிச்சுது. எங்கெங்க போயிட்டு வந்தோம்னு அதுவே குறிச்சு வெச்சுக்குது பாருங்க. ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்குது, அதைத் தெறந்தா தேதி, மணி, நிமிசம் வரைக்கும் இருக்குது. நாலாவது நாள் அந்தம்மா அதைக் காட்டுனப்ப நான் சொன்னேன், இது என்ற வேலைங்க, முப்பத்தோரு வருசம் நான் பாத்த வேலைன்னு. எல்லாரும் சிரிச்சாங்க.

மூணாவது நாளே பேரை அடிச்சேன். இங்கிலீஷ்ல. மில்லு இங்கிலீஷ் எனக்குப் போதும். என், புள்ளி, கோகிலவாணி.

வந்துச்சுங்க! பக்கம் பக்கமா வந்துச்சு. சேலத்துல ஒரு என். கோகிலவாணி பல் டாக்டர். அவ இல்லை. ஒரு என். கோகிலவாணி எட்டாங்கிளாஸ்ல ஓவியப் போட்டியில ரெண்டாம் பரிசு. ஒரு என். கோகிலவாணி பஞ்சாயத்துத் தேர்தல்ல தோத்துப் போனவ. எல்லாத்தையும் தொறந்து பாத்தேன். எல்லாம் ஊதா ஆச்சு. எங்க புள்ள இல்லை.

ஆறு நாள் முடிஞ்சும் நான் விடலை. தெனமும் பத்து மணிக்கு நூலகம் தொறக்கும்போது நிப்பேன். ஆறு வாரம். ஒரு நாள் ஜெயசீலி அம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "யாரைங்க ஐயா தேடறீங்க?" சொன்னேன். "இனிஷியலை எடுத்துட்டுத் தேடிப் பாக்கலாமா?"ன்னாங்க.

"இனிஷியல் இல்லாத பேர் ஒரு பேருங்களா?"ன்னேன்.

"இல்லீங்க ஐயா, சில பேர் மாத்தி வெச்சிருப்பாங்க…"

"கல்யாணம் ஆகியிருந்தா மாத்தியிருப்பா. ஆகலை. எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. பெத்தவனுக்குத் தெரியாதா?

அந்தம்மா வாதாடலை. ஸ்கிரீனைச் சித்த நேரம் பாத்தாங்க. "இந்த மொதப் பக்கத்துல மூணாவது ஏன் இன்னும் நீலமா இருக்குது? இதைத் தொறக்கவே இல்லையா?"ன்னாங்க. அது ஆர். கோகிலவாணிங்க. இனிஷியலே வேற, அதை எதுக்கு நான் தொறக்கறேன்? அந்தம்மா என் கையை நகத்திட்டு அவங்களே தட்டிட்டாங்க.

என்ற புள்ள.

போட்டோ இருந்துச்சு தம்பி. முன்னாடி முடி கொஞ்சம் நரைச்சிருக்குது. கண்ணாடி போட்டிருக்கா. அது அவங்கம்மா கண்ணாடி பிரேமுங்க, கண்ணாடியை மட்டும் மாத்தியிருக்கா. சாம்ராஜ்நகர் தாண்டி ஒரு ஊருல காது கேளாத கொழந்தைங்க பள்ளிக்கூடம். அதுல தலைமை டீச்சருக்கு அடுத்து இவதான். கீழ பேரு, ஆர். கோகிலவாணி. மொத நாள்ல இருந்து அங்கேயே இருந்திருக்குது. மூணாவது வரி. ஆறு வாரமா நான் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.

எனக்கு ஒடனே புரிஞ்சு போச்சு. தப்பா அடிச்சுட்டாங்க. கீபோர்டுல எங்கயாவது கை தவறியிருக்கும். அங்க எவன் சரிபாக்கறான்? மில்லுல இப்படி எத்தனை பேர் தப்பாக் கெடந்துச்சு, எல்லாத்தையும் நான்தான் திருத்துனேன்.

அந்தப் பக்கத்துல மேல 'தொடர்புக்கு'ன்னு ஒரு லிங்க் இருந்துச்சு. தட்டுனா ஒரு பாரம் வரும். பேர், மெயில் முகவரி, விசயம், செய்தி. மெயில் முகவரி கிளாஸ்லயே போட்டுக் குடுத்திருந்தாங்க. எல்லாம் மில்லு இங்கிலீஷ்லதான், உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன். நான் ஒரு விரல்ல அடிக்கறவன், முக்கால் மணி நேரம் ஆச்சு. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பக்கத்தில் என் மகள் கோகிலவாணியின் இனிஷியல் ஆர் என்று தவறாக உள்ளது. என் என்று திருத்தவும். இப்படிக்கு அவள் தந்தை, கே. நாச்சிமுத்து, டைம் கீப்பர், ஓய்வு."

அந்தம்மா படிச்சுப் பாத்தாங்க. "இதுதான் எழுதணுமுங்களா ஐயா? நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கலாமே. பதிமூணு வருசம் ஆச்சுங்கறீங்க."

"கேக்கலாமுங்க. மொதல்ல தப்பைத் திருத்தட்டும். தப்பான பேர்ல நான் எப்படிப் பேசறது?"

"சாரின்னு கூட…"

"எதுக்குங்க?"

அந்தம்மா எந்திரிச்சுப் போய் புக்கு அடுக்க ஆரம்பிச்சாங்க. நான் அனுப்புங்கற பட்டனைத் தட்டிட்டேன்.

பதில் வரலை. ஒரு வாரம் பாத்தேன். மறுபடி எழுதுனேன். வளைஞ்ச அம்புக்குறி இருக்குதில்ல, ரீப்ரெஷ்ஷு, அதைத் தட்டுனா பக்கம் புதுசா வரும். திருத்திட்டாங்களான்னு தட்டித் தட்டிப் பாப்பேன். வந்ததும் கண்ணு நேரா அந்த எழுத்துக்குத்தான் போகும். ஆர். மறுபடி தட்டுவேன். ஆர். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, பேருக்குத்தான் பாத்தேன், ஆனா போட்டோவையும் பாத்துருவேன். சில நாள் பேரைப் பாக்கவே மறந்துருவேன். அவ சிரிக்கலை அந்தப் போட்டோவுல, ஆனா சிரிக்கறதுக்குச் சித்த முன்னாடி இருக்கற மாதிரி ஒரு மொகம். நான் சின்ன வயசுல அவளை அப்படிப் பாத்த ஞாபகம் இல்லை. அப்பெல்லாம் நான் மூணு ஷிப்டுங்க.

வாரம் ஒண்ணுன்னு எழுதுனேன். அப்புறம் ரெண்டு. அவ பொறந்த சர்ட்டிபிகேட்ல இருக்கற பேரு, பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல இருக்கற பேரு, நம்பர் வரைக்கும் எழுதுனேன். ஆதாரம் வேணுமில்ல?

கடைசியில பதில் வந்துச்சு. ரெண்டே வரி. "சம்பந்தப்பட்ட ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம். பெயர் சரியாகவே உள்ளது. இது குறித்து மேற்கொண்டு எழுத வேண்டாம்." கையெழுத்து இல்லை, பேர் இல்லை. எவனோ ஒரு கிளார்க்கு. அவகிட்டக் கேட்டிருக்கவே மாட்டான். கேட்டிருந்தா அவ சொல்லியிருக்க மாட்டாளா, ஆமாங்க தப்புத்தான், எங்கப்பா பேரு நாச்சிமுத்துன்னு? வேலை செய்யச் சோம்பல் பட்டவன் எழுதற பதில்தான் அது. எனக்குத் தெரியாதா? மேற்கொண்டு எழுத வேண்டாமாம். நான் அன்னிக்கே மேற்கொண்டு எழுதுனேன்.

அதுக்கடுத்த வாரம் பக்கம் தொறக்கலை.

'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை'ன்னு வந்துச்சு. ரீப்ரெஷ் தட்டுனேன். கிடைக்கவில்லை. பிரவுசரை மூடிட்டுத் தொறந்தேன். கம்ப்யூட்டரை மாத்தி உக்காந்தேன். எல்லாத்துலயும் அதேதான். ஜெயசீலி அம்மாவைக் கூப்பிட்டேன், நெட்டு கோளாறு, பாருங்கன்னு. அவிய அந்தப் பள்ளிக்கூடத்து மொதப் பக்கத்துக்குப் போனாங்க. அது தொறந்துச்சு. ஆசிரியர்கள்னு தட்டுனாங்க. அதுவும் தொறந்துச்சு. பதினோரு பேர் போட்டோ இருந்துச்சு. முன்னாடி பன்னெண்டு.

"ஐயா, இது கோளாறு இல்லைங்க. மத்தவங்க எல்லாரும் இருக்காங்க. உங்க பொண்ணு மட்டும் இல்லை. அவங்களே எடுக்கச் சொல்லியிருப்பாங்க."

"எதுக்கு எடுக்கச் சொல்றா?"

அந்தம்மா சொல்றதா வேண்டாமான்னு நின்னாங்க. அப்புறம் சொல்லிட்டாங்க. "ஆர்னா ராமாத்தாதானுங்க ஐயா. அவங்க அம்மா பேரை வெச்சுக்கிட்டாங்க. யாரும் தப்பா அடிக்கலை. நீங்க எழுதறதை நிறுத்துங்க."

"எங்கள்ல அப்படி வழக்கம் இல்லீங்க"ன்னேன்.

"வழக்கம் இல்லைதானுங்க"ன்னாங்க அந்தம்மா. "இருந்தாலும் வெச்சுக்கிட்டாங்க."

எனக்கு அன்னிக்குப் பேப்பர் படிக்க முடியலை. வீட்டுக்கு வந்து கெணத்தடியில உக்காந்திருந்தேன். அந்தம்மா படிச்சவிய, ஆனா எங்க வீட்டு விசயம் அவியளுக்கு என்ன தெரியும்? ஆனா ஒரு தப்பு நான் பண்ணிட்டேன் தம்பி. அந்தப் போட்டோவை எடுத்து வெச்சுக்கலை. எப்படி எடுக்கறதுன்னு ஆறாவது நாள் சொல்லிக் குடுத்திருக்காங்க, நான் அன்னிக்குக் காதுலயே வாங்கலை, பேரைத் தேடிக்கிட்டு இருந்தேன். வேற எங்கயாவது இருக்குமான்னு கேட்டேன். இருக்காதுங்க ஐயான்னுட்டாங்க. ஹிஸ்டரியைத் தொறந்தா அந்தப் பக்கத்தோட பேர் மட்டும் வரிசையா இருக்குது. பத்து அஞ்சு, பத்து பதினேழு, பத்து இருபத்தொண்ணு. தட்டுனா ஒண்ணுமில்லை.

அதான் நேர்லயே போயிரலாம்னு கெளம்பிட்டேன். பள்ளிக்கூடத்து விலாசம் இன்னும் இருக்குது, அதை யாரும் எடுக்கலை. நேத்து சாம்ராஜ்நகர் வந்து ஒரு லாட்ஜுல தங்கிட்டு, இன்னிக்குக் காலையில ஒம்பது இருபதுக்கு அந்தக் கேட்டுல நின்னேன். இப்ப அங்க இருந்துதான் வர்றேன்.

வாட்ச்மேனுக்குத் தமிழ் பரவாயில்லை. யாரைப் பாக்கணும்னான். கோகிலவாணி மேடம்னேன். யாருன்னு சொல்லணும்னான். அவங்கப்பான்னேன். என்னை ஏற எறங்கப் பாத்துட்டு உள்ள போன் பண்ணினான். கன்னடத்துல என்னமோ பேசினான். "உக்காருங்க"ன்னு ஒரு ஸ்டூல் போட்டான். உக்காந்தேன். உள்ள கொழந்தைங்க வெளையாடுதுங்க, ஓடுதுங்க, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்குதுங்க. அத்தனை கொழந்தைங்க இருந்தும் அப்படி ஒரு அமைதி. ஒரு சின்னப் புள்ள கேட்டுக்கிட்ட வந்து என்னைப் பாத்துக் கையால என்னமோ கேட்டுச்சு. எனக்கு என்ன தெரியும்? தலையை ஆட்டி வெச்சேன். அது போயிருச்சு.

பதினொண்ணு அம்பதுக்கு அவ வந்தா. ரெண்டரை மணி நேரம். நான் ஒண்ணும் சொல்லலைங்க. லேட்டுன்னு சொல்லலை. வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்.

காட்டன் சேலை. கழுத்துல அடையாள அட்டை தொங்குது. நான் எந்திரிச்சேன். என்ற கண்ணு அந்த அட்டைக்குத்தான் போச்சு, என்ன எழுத்துப் போட்டிருக்குதுன்னு. குனிஞ்சு பாத்தேன். எழுத்து பொடிசு. அவ அந்த அட்டையைத் திருப்பி வெச்சுக்கிட்டா.

"யாரைப் பாக்கணுமுங்க?"ன்னா.

"கண்ணு, நாந்தான்"னேன்.

"யாரைப் பாக்கணும்னு சொன்னாத்தானுங்க தெரியும்."

நிதானமாக் கேட்டா. திருப்பி வெச்ச அட்டையையே பாத்தேன். அப்புறம் சொன்னேன். "கோகிலவாணி. என். கோகிலவாணி."

அவ என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. அந்தப் போட்டோவுல பாத்த மொகம் இல்லை. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க"ன்னா.

பொய் இல்லைங்க அது. அந்தப் பேர்ல அங்க ஆள் இல்லைதான். ஆர்னுதான் இருக்குது. அதைத் திருத்தச் சொல்லித்தானே நான் வந்ததே! அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ வாட்ச்மேன்கிட்ட என்னமோ சொல்லி, அவன் ஒரு சொம்புல மோர் கொண்டுவந்து குடுத்தான். குடிச்சேன். குடிச்சு முடிக்கற வரைக்கும் அவ நின்னா. "பன்னெண்டு இருபதுக்கு சத்தி பஸ் வருமுங்க. அதை விட்டா ரெண்டே முக்காலுக்குத்தான்"னா.

பாத்தீங்களா தம்பி? எங்க ஊருப் பக்கம் போற பஸ்ஸோட நேரம் அவளுக்கு மனப்பாடமாத் தெரியுது. பதிமூணு வருசம் கன்னடக்காரங்களோட இருந்தும் பேச்சு மாறலை. வருமுங்க, இல்லீங்க, யாருங்க. மரியாதையாத்தான் பேசினா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. அடையாளம் தெரிஞ்சிருக்காதுன்னு நீங்க நெனைப்பீங்க. நானும் இளைச்சுட்டேன், பல்லு நாலு போச்சு. ஆனா தெரிஞ்சிருக்கும். மோர்ல உப்புப் போடலை. நான் உப்புப் போடாமத்தான் குடிப்பேன்.

பஸ் வந்துருச்சு. ரோட்டோரம்தான் கேட்டு. நான் ஏறப் படியில காலை வெச்சுட்டுத் திரும்பிப் பாத்தேன். அவ இன்னும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தா. அவ வாய் அசைஞ்சுது. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, என்னமோ சொன்னா. இந்த பஸ் போட்ட சத்தத்துல ஒண்ணும் காதுல விழலை. வாட்ச்மேன் தலையை ஆட்டிட்டுக் கேட்டை இழுத்துச் சாத்தினான்.

'அப்பா'ன்னுதான் சொல்லியிருப்பா. ஒரு வார்த்தைதான் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. வேற என்னங்க சொல்லப் போறா? வாட்ச்மேனைப் பாத்துக்கிட்டுச் சொன்ன மாதிரி இருந்துச்சு, அது நான் நின்ன எடத்துல இருந்து பாக்கறதுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்.

நாளைக்கு நூலகம் லீவுங்க. நாளான்னிக்குப் பத்து மணிக்குப் போயிருவேன். அந்தப் பள்ளிக்கூடத்தோட 'தொடர்புக்கு'ங்கற பக்கம் இன்னும் தொறக்குது. எழுதறதை மனசுக்குள்ள எழுதி வெச்சுட்டேன். இந்தத் தடவை இனிஷியலைப் பத்தி ஒண்ணும் எழுதலை. அதை அப்புறம் பாத்துக்கலாம். ஒரே ஒரு வரிதான். "நேற்று முன்தினம் பகல் பன்னிரண்டு இருபதுக்குக் கேட் அருகே நீ சொன்னது காதில் விழவில்லை. மீண்டும் ஒருமுறை தெரிவிக்கவும்."